ஏழாவது அநியாயம்

முதலாவது, அறுபத்தெட்டாம் வருஷம், ஒரு வார்த்தை கேட்காமல் கையில் சீட்டைத் திணித்து, நீ பிறந்த மண் உன் மண் இல்லை என்று சொல்லி, தலைமன்னாரில் கப்பல் ஏற்றியது. இரண்டாவது, இறங்கிய கரையில் முகாமில் அப்பாவின் பேரைத் தப்பாக எழுதிவிட்டு, திருத்தச் சொன்னதற்கு வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னது. மூன்றாவது, நீலகிரியில் வீடும் வேலையும் தயாராக இருக்கிறது என்று லாரியில் ஏற்றிவந்து, தகரக் கூரைகூடப் போடாத லயத்து வரிசை வீட்டில் மழையோடு மழையாக இறக்கிவிட்டது. நான்காவது, வெள்ளைப்பாறை எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும்போது ஈரக்கழிவு என்று கூடைக்கு இரண்டு கிலோ பிடித்தது. ஐந்தாவது, ஆடி மழைக்குப் பெண்கள் இடுப்பில் சுற்றப் படங்குத் துணி கொடுக்காமல், உரம் வந்த சாக்கைக் கிழித்துக் கொடுத்தது. ஆறாவது, எண்பத்து நான்கில் ஐம்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்ததற்காக நாற்பத்தைந்து பேரின் பேரை வெட்டியது. ஏழாவது, சமரசம் ஆகி மற்றவர்களைத் திரும்ப எடுத்தபோது, தலைவனின் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணின் பேரை மட்டும் நிர்வாகம் பட்டியலிலிருந்து அடித்தது. எட்டாவது, அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையோடு டிசம்பர் பனியில் லயத்தைவிட்டு வெளியே தள்ளியது. ஒன்பதாவது, அந்த நிர்வாகத்தின் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்ட சங்கத் தலைமை, மருதையைச் சங்கத்தைவிட்டே நீக்கியது.

இந்த ஒன்பதையும் வரிசை மாறாமல் சொன்னால் மருதைக்கு ஒரு காலத்தில் உடம்பில் சூடு ஏறும். எண்பத்தேழில் அவரே எழுதி, அவரே அச்சகத்தில் உட்கார்ந்து பிழை பார்த்து, ‘ஒன்பது அநியாயங்கள்’ என்று நோட்டீஸ் போட்டு, பஸ் நிலையத்தில் நின்று கையில் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. மிச்சத் தமிழ் முழுக்கச் சுவரில் ஒட்டிய நோட்டீஸிலிருந்து பொறுக்கியது, அதனால் அவருக்கு நினைப்பு வருவதே நோட்டீஸ் மாதிரிதான், எண் போட்டு, கீழே கோடு போட்டு. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி, வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் அரைமுழக் கம்பிகளை மண்ணில் இறக்கிக்கொண்டே ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் அநியாயம் என்று மனசுக்குள் சொல்லிவந்தார், சூடு மட்டும் வரவில்லை. சுத்தியல் கம்பியில் விழும் அதிர்ச்சி முழங்கைவரை வந்து அங்கேயே நின்றது, அதற்கு மேல் உடம்பு யாருடையதோ. எழுபத்தைந்து வயதில் கோபம் குறையும் என்று டாக்டர் சொன்னால் சரி என்று விட்டுவிடலாம், ஆனால் இது குறைந்த மாதிரி இல்லை, எடுத்து வைத்த இடம் மறந்துபோன மாதிரி. ஏழாவது கம்பி பாதி இறங்கியதும் ணங் என்று நின்றது. அடியில் கல். “மாமா, நாலு விரக்கடை தள்ளி அடிங்க, ஒண்ணும் ஆகாது,” என்றார் மாப்பிள்ளை அருள்தாஸ். பிளம்பர் வேலை பார்க்கிறவர், குன்னூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் குழாய் மாற்றிய இடத்தில் மிச்சமான பிவிசி பைப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். மருதை தள்ளி அடிக்கவில்லை. அதே இடத்தில் இன்னும் நான்கு அடி அடித்தார், கம்பியின் தலை காளான் மாதிரி விரிந்தது, உள்ளே போகவில்லை. “பாறையோட சண்டைக்கு நிக்காதீங்க,” என்று பின்னாலிருந்து மனைவி தைலம்மையின் குரல் வந்தது. “அது எந்தச் சங்கத்துலயும் இல்ல.”

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில், வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பழைய வேட்டியை விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கூடு அவளுடைய ஏற்பாடு. போன வருஷம் மார்கழியில் ஒரே காலையில் அவள் போட்ட பீன்ஸ் பாத்தி முழுக்கக் கொதிநீர் ஊற்றிய மாதிரி கருத்துப்போயிற்று, உறைபனி. அன்றைக்கு அவள் அழவில்லை, திட்டவுமில்லை, ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் இதுக்கு ஒரு கூடு கட்டணும் என்றாள். விவசாய ஆபீஸில் அதற்குப் பசுமைக்குடில் என்று பேர், அருள்தாஸ் பாலிஹவுஸ் என்றார், தைலம்மை செடிக்கூடு என்றாள், அந்தப் பேர்தான் வீட்டில் நின்றது. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், பக்கத்துக்கு ஐந்து கம்பி, கம்பிக்குக் கம்பி பைப்பை வளைத்துச் செருகினால் ஐந்து வளைவு, மேலே நடுவில் ஒரு மூங்கில், அதன்மேல் பாலித்தீன் ஷீட், ஓரத்தை வாய்க்கால் வெட்டி மண்ணில் புதைத்தால் முடிந்தது. ஒரு நாள் வேலை. அவள் இடது காலில் சாக்ஸ் இரட்டையாகப் போட்டிருந்தாள். அந்தக் காலில் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நாற்பது வருஷமாக உணர்ச்சி கிடையாது. மகள் செல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதுதான் வீட்டில் விளையாட்டு, ஊக்கால் குத்திவிட்டு, வலிக்குதா அம்மா, வலிக்குதா என்று கேட்பாள், யாரு கால்லடி குத்துற என்று தைலம்மை கேட்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மருதை அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைப்பார். எட்டாவது அநியாயத்தின் கீழே அந்த இரண்டு விரலையும் அவர் எழுதியிருந்தார், ‘பனியில் விறகு பொறுக்கப் போய்க் கால்விரல் மரத்துப்போன தாய்’ என்று. பாராட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பெண் அழுதாள்.

செல்வி முதல் பைப்பைத் தூக்கி வந்தாள். விடுதலைச்செல்வி என்று வைத்த பேர், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள், பேரில் விடுதலையை எப்போதோ விட்டுவிட்டாள். “அப்பா, நீங்க இந்த நுனியப் புடிங்க, நான் வளைச்சுட்டு வர்றேன். விட்டுடாதீங்க, விட்டா மூஞ்சில அடிக்கும்.” மருதை பிடித்தார். பைப் வளையும்போது உள்ளே ஒரு முறுக்கு ஏறி அவர் கையைத் தள்ளியது, நேராக நிற்கத்தான் செய்யப்பட்டவன் நான் என்று அது சொல்வது போலிருந்தது, அந்த மாதிரி வாசகமெல்லாம் இன்னும் தானாக வருகிறது, கேட்கத்தான் யாரும் இல்லை. இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு. வளைவுகளுக்கு நடுவே நின்று பார்த்தபோது ஏதோ பெரிய மிருகத்தின் விலா எலும்புக்குள் நிற்பது போலிருந்தது. அப்போதுதான் வேலிப் பக்கம் இருமல் கேட்டது. கணக்கப்பிள்ளை நல்லுசாமி. எஸ்டேட்டில் காலை ஆறரைக்கு எல்லாரும் வரிசையில் நிற்க, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுகிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பேர், அந்தக் களத்தில் முப்பத்தொரு வருஷம் பேர் கூப்பிட்டவர் அவர்தான். வேலைநிறுத்தத்தில் நிர்வாகத்தின் ஆள். இப்போது அடுத்த தெருவில் வீடு, எண்பது தாண்டிவிட்டது, இரு பக்கமும் சண்டையை முன்னின்று நடத்தியவர்களில் உயிரோடு இருப்பது தாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் தினமும் டீக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். தோளில் ஒரு சுருள் கட்டுக்கம்பியோடு உள்ளே வந்தார். “என்ன தலைவரே, புதுசா சங்க ஆபீஸ் கட்டுறியா?” “உனக்குத்தான் லயம் கட்டுறேன், பன்னெண்டுக்கு எட்டு போதுமில்ல?” என்றார் மருதை, பதில் வாயிலிருந்து பழக்கத்தில் போயிற்று. நல்லுசாமி சிரித்துவிட்டுத் தைலம்மையைப் பார்த்து, “வள்ளி, டீ போடலியா?” என்றார். “போட்டுக் குடுக்க நான் என்ன இன்னும் உங்க பெரட்டுலயா நிக்கிறேன்,” என்றாள் அவள். “பிளாஸ்க்குல இருக்கு, ஊத்திக்குங்க.”

வள்ளி. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் மருதையின் நினைப்பு ஓரிடத்தில் தட்டி, திரும்பி, மறுபடி அதே இடத்துக்கு வரும், ஏழாவது கம்பி மாதிரி. பட்டியலிலிருந்து பேர் போனபின் இரண்டு வருஷம் தைலம்மைக்கு வேலை இல்லை. விறகு சுமந்தாள், ரோட்டில் ஜல்லி உடைத்தாள். அப்புறம் கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்விட்ட வள்ளியம்மாள் என்ற ஒருத்தியின் பேர் வெட்டப்படாமல் செக்ரோல் பதிவேட்டில் கிடந்தது, நல்லுசாமிதான் இரக்கப்பட்டு, அந்தப் பேரில் வந்து நில்லு, துரை மாறிட்டார், புதுத் துரைக்கு முகம் தெரியாது என்றார். இருபத்திரண்டு வருஷம் தினமும் காலை ஆறரைக்கு, வள்ளியம்மாள் என்று கூப்பிட்டால் அவள் இருக்கேன் என்றாள். கூட வேலை செய்தவர்கள் முதலில் கேலிக்கு வள்ளி என்றார்கள், பிறகு கேலி போய்ப் பேர் மட்டும் நின்றது. ஓய்வு பெற்ற அன்றைக்கு மேடை போட்டு, சிவப்புக் கம்பளி போர்த்தி, சான்றிதழ் கொடுத்தார்கள், வள்ளியம்மாள் அவர்களின் நீண்ட சேவையைப் பாராட்டி என்று. மருதை அன்று கூட்டத்தின் கடைசியில் நின்றார். அவள் மேடையில் கம்பளியைச் சரிசெய்துகொண்டு, எங்கோ பார்த்து, வேறு யாருக்கோ கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்கிற மாதிரி வாங்கினாள். வீட்டுக்கு வந்து சட்டம் போட்ட அந்தச் சான்றிதழை அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டாள். “துரை வெட்டுன பேரு, துரைதானே குடுக்கணும்,” என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அதிலும் கோபம் இல்லை.

துரை வெட்டவில்லை. இது மருதைக்குத் தெரியும், நல்லுசாமிக்குத் தெரியும், மூன்றாவதாகத் தெரிந்த அன்றைய மேனேஜர் துரை வேலை மாறி எங்கோ போய்ச் செத்தும் போயிருப்பான். நினைப்பு இந்த இடத்துக்கு வந்தால் மருதை வழக்கமாக எட்டாவதுக்குத் தாண்டிவிடுவார், இன்றைக்குக் கையில் மூங்கில் இருந்தது, தாண்ட முடியவில்லை. ஐம்பத்தேழாம் நாள் மத்தியானம், சங்க ஆபீஸ் பெஞ்சு. நிர்வாகம் சொல்லியனுப்பியது: மருதை ஒருத்தனை மட்டும் எடுக்க மாட்டோம், மற்றவர்கள் பேரை அவன் கையாலேயே எழுதித் தரட்டும், அதில் இருக்கிறவர்களை எடுத்துக்கொள்கிறோம். கார்பன் வைத்து எழுதினார். நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து நான்கு என்று எண் போட்டுத் தைலம்மையின் பேரை எழுதினார், புருஷன் பேரும் லயத்து நம்பரும் எழுதினார். ஜன்னலுக்கு வெளியே டீக்கடையில் எதிர்ச் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். பாரு, கடைசியில வீட்டுக்காரிக்கு வேலை வாங்கிக்கிட்டுத்தான் போராட்டத்தை முடிக்கிறான் என்று ஒருத்தன். இன்னொருத்தன் சிரித்தான், அவ்வளவுதான், ஒரு சிரிப்பு, அதில் பல் கூடத் தெரிந்திருக்காது. மருதை பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் நான்கு கோடு இழுத்தார். இழுத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது, அதை மறைக்க முடியாது, வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான மனிதனாக அவர் தன்னை உணர்ந்தது அந்த நான்கு கோட்டின் நேரம்தான். எஸ்டேட் ஆபீஸில் துரை பட்டியலைப் பார்த்து, அடித்த இடத்தில் விரல் வைத்து, நல்லுசாமியிடம் தன் அரைகுறைத் தமிழில், இது அவன் சம்சாரம்தானே, எழுதச் சொல்லு, எடுக்கலாம் என்றான். வேண்டாம் என்றார் மருதை. நல்லுசாமி அவரையே பார்த்தார். வெளியே வந்ததும் கையைப் பிடித்து, “கைப்புள்ளக்காரி மருதை, யோசி,” என்றார், மருதை கையை உதறினார். வீட்டுக்கு வந்து, துரை அடிச்சிட்டான் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நாற்பது வருஷமாகப் பதில் தேடி, ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல பதில் கிடைத்து, ஒவ்வொன்றும் மறுநாள் கெட்டுப்போனது. நான்தான் அடித்தேன், கொள்கைக்காக என்று சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், திட்டிவிட்டு வாழ்ந்திருப்பாள். குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. சரி என்றாள். மறுநாள் விடியும்போது வெறுங்காலோடு விறகுக்குப் போனாள், புல் வெள்ளையாகக் கிடந்தது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பொய்யை அவர் அச்சில் ஏற்றினார், ஏழாவது என்று எண் போட்டு.

“மாமா, மூங்கில இன்னும் கொஞ்சம் தூக்குங்க.” தூக்கினார். அருள்தாஸ் கட்டுக்கம்பியால் ஐந்து வளைவிலும் மூங்கிலைக் கட்டினார். நல்லுசாமி டீயை உறிஞ்சிக்கொண்டு யாரும் கேட்காத யோசனைகள் சொன்னார். இந்த ஆளுக்குத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், முப்பது வருஷம் வாயைத் திறக்காத ஒரு சங்கதியைப் பாயசம் பரிமாறும்போது சாதாரணமாகச் சொல்லிவிட்டார், மாப்பிள்ளை வீட்டார் பாதியில் எழுந்துவிட்டார்கள். நான் சொன்னேனா என்று அப்புறம் அவரே கேட்டார். வயசு அவர் வாயின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருக்கிறது, எந்த டீ நேரத்திலும் அது விழலாம். அப்படி விழுந்தால் தைலம்மை என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தார், அவள் முகம் கூடத் தெளிவாக வரவில்லை, பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள், திரும்பிப் பார்த்தால் போதும். திரும்பவில்லை. அவள் இல்லாமல் போவதற்குப் பயமா, அவள் இங்கேயே இருந்துகொண்டு தன்னை வேறு மாதிரி பார்ப்பதற்குப் பயமா, இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு மரத்துப்போன இடம், ஊக்கால் குத்தினாலும் யார் கால் என்று கேட்கும் இடம்.

கம்பி முடிச்சு நீட்டிக்கொண்டிருந்தால் ஷீட்டைக் கிழித்துவிடும், எல்லா முடிச்சுக்கும் துணி சுற்ற வேண்டும் என்றார் அருள்தாஸ். வேட்டி நாடா மூன்று வளைவுக்குத்தான் வந்தது. “இருங்க, ட்ரங்குப் பெட்டியில கெட்டித் துணி கிடக்கு,” என்று தைலம்மை எழுந்து, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து உள்ளே போனாள். எந்த ட்ரங்குப் பெட்டி என்று மருதைக்கு அவள் திரும்பி வருகிறவரை உறைக்கவில்லை. கையில் சிவப்புத் துணி, சங்கத்தின் பழைய பேனர், மடிப்பில் மடிப்பில் சாயம் போயிருந்தது. “இதைக் கிழிக்கலாமில்ல? இனிமே யாரு தூக்கப் போறா.” கிழி என்றார் அவர். அவள் உதறினாள், உள்ளேயிருந்து நான்காக மடித்த ஒரு தாள் மண்ணில் விழுந்தது, செல்வி குனிந்து எடுத்தாள். மருதை ஒரு கையால் மூங்கிலைப் பிடித்திருந்தார், விட்டுவிட்டுப் போய் வாங்கியிருக்கலாம், முடிச்சு இன்னும் இறுகவில்லை, விட்டால் சரியும், இதைத்தான் காரணம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். “அப்பா, உங்க கையெழுத்து. ‘வெள்ளைப்பாறை எஸ்டேட்டில் பேர் வெட்டப்பட்டு மீண்டும் எடுக்கப்பட வேண்டிய தொழிலாளர்கள்.’ எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க, என் பிள்ளைகளுக்குக் காட்டணும்.” அவள் டீச்சர் குரலில் படிக்க ஆரம்பித்தாள். “ஒன்று, ராக்காயி.” நல்லுசாமி டம்ளரைக் கீழே வைத்தார். “அப்படியாம்மா பேர் கூப்பிடுறது? பள்ளிக்கூடமா இது. பேரு, புருஷன் பேரு, லயம், மூணையும் ஒரே மூச்சுல இழுக்கணும்,” என்று தொண்டையைச் செருமி, “ராக்காயி, புருஷன் பேர் சின்னையா, நாலாம் நம்பர் லயம்,” என்றார், எண்பது வயதுக் குரல் மலைச்சரிவில் போய் முட்டித் திரும்பியது. “போய்ச் சேந்துட்டா,” என்றாள் தைலம்மை, துணியைக் கிழித்துக்கொண்டே. செல்வி பேரைச் சொல்ல, நல்லுசாமி இழுத்துக் கூப்பிட, தைலம்மை பதில் சொன்னாள். மக வீட்டுல, திருப்பூர்ல. கண்ணு தெரியல, ஆனா வாய் அப்படியே இருக்கு. போயிட்டான். அவன் எனக்கு ஒரு குடை தரணும். போயிட்டா. அருள்தாஸ் சிரித்துக்கொண்டே முடிச்சுகளுக்குச் சிவப்புத் துணி சுற்றினார். ஷீட்டை விரித்து நான்கு பேரும் நான்கு மூலையில் பிடித்து இழுத்து மேலே போர்த்தினார்கள், உள்ளே நின்ற மருதையின் மேல் வெளிச்சம் பால் மாதிரி ஆயிற்று, சத்தங்கள் தள்ளிப் போயின. ஓரத்தை வாய்க்காலில் இறக்கி மண் தள்ளியபடியே செல்வி மிச்சப் பேரைப் படித்தாள். “நாற்பத்து மூன்று, அடைக்கன்.” “பஞ்சாயத்துல தண்ணி திறந்துவிடுறான்,” என்றாள் தைலம்மை. “அவ்வளவுதான். முடிஞ்சுதா?”

“இல்லம்மா, இன்னொண்ணு எழுதி அடிச்சிருக்கு. நம்பர் மட்டும் தெரியுது, நாற்பத்து நாலு.” “அது என் பேரு. துரை அடிச்சது.” செல்வி தாளை ஷீட்டுக்கு அருகே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆசிரியை, பிள்ளைகள் அழித்து எழுதியதைக் கண்டுபிடித்துப் பழகிய கண். “துரை எப்படிம்மா இதுல அடிப்பாரு? இது அப்பா வச்சுக்கிட்ட காப்பி. கோடும் கார்பன்லதான் விழுந்திருக்கு, எழுத்து மாதிரியே. எழுதுனவங்கதான் அடிச்சிருக்கணும்.” சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது, தாளைத் தாழ்த்தினாள். அருள்தாஸ் மண்வெட்டியை நிறுத்தினார். எல்லாரும் நல்லுசாமியைப் பார்த்தார்கள், அவர் யாரையும் பார்க்காமல், ஷீட்டின் ஓரத்தில் ஏற்கெனவே இறுகிய மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தார், வாயின் தாழ்ப்பாள் இன்றைக்குத்தான் கெட்டியாகப் போட்டிருந்தது. தைலம்மையின் கையில் துணி பாதி கிழிந்து நின்றது. அவள் மருதையைப் பார்க்கவில்லை. தன் இடது காலைப் பார்த்தாள், சாக்ஸ் போட்ட அந்த இரண்டு விரலை, வெகு நேரம், பிறர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த பொருளைப் பார்ப்பது போல. பிறகு நிதானமாக, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கும் குரலில், “அந்தத் தாளை அவர்கிட்ட குடு,” என்றாள். “எழுதுனவரே படிக்கட்டும்.”

மருதை கூட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். தாள் கைக்கு வந்தது, எடையே இல்லை. நாற்பது வருஷம் பஸ் நிலையத்திலும் கேட்டிலும் நின்று கத்திய குரல் இப்போது வரும் என்று ஒரு கணம் காத்திருந்தார், அது வரவில்லை, கொள்கை என்ற சொல் வாய்வரை வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது. அவமானமும் வரவில்லை. வெயில் மட்டும் கழுத்தில் இருந்தது. “இதை அடிச்சது துரை இல்ல,” என்றார். “நான். அவன் எழுதச் சொன்னான், நான் வேண்டாம்னேன். இந்தாளுக்குத் தெரியும்.” நல்லுசாமி மிதிப்பதை நிறுத்தித் தலையை ஆட்டினார், ஆமாம் என்று. தைலம்மை நேராக எழுந்தாள், கிழிந்த துணியை நாற்காலியின் மேல் போட்டாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொழுந்துக் கூடை முதுகில் இருக்கிற மாதிரி தோளைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்கி, பெரட்டுக்களத்தில் நிற்கிறவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், முகத்தில் எதுவும் இல்லை, இருக்கேன் என்று சொல்வாளா மாட்டாளா என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. செல்வி நின்றாள், அருள்தாஸ் நின்றார், கணக்கப்பிள்ளை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோடுகளுக்கு அடியில் எழுத்து தெரியவில்லை, தெரிய வேண்டியதில்லை. மருதை தாளை முகத்துக்கு நேரே பிடித்து, மூன்றையும் ஒரே மூச்சில் இழுத்துப் படித்தார்.

“நாற்பத்து நான்கு. தைலம்மை, புருஷன் பேர் மருதை, ஆறாம் நம்பர் லயம்.”